மன்னர் கண்ணீர் விட்ட பாதிரியார்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோவிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நந்தியைப் பார்ப்பார்கள். விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பிரகாரத்தைச் சுற்றி வருவார்கள். பிறகு அரண்மனை, சரசுவதி மகால், கடைத் தெரு, தலையாட்டி பொம்மை. அதோடு ரயில் ஏறிவிடுவார்கள்.

பெரிய கோவிலுக்குப் பக்கத்திலேயே சிவகங்கைத் தோட்டம் இருக்கிறது. அங்கே குளத்துக்குக் கிழக்கே ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. 1779-ல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே ஒரு வெள்ளைச் சலவைக்கல் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம்.

அந்தக் கல்லில் ஒரு கட்டில். கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார். சாகும் தறுவாய். தலைமாட்டில் ஒரு பாதிரியார் நிற்கிறார். கட்டிலருகே தலைப்பாகை அணிந்த ஓர் அரசர். அவர் கிழவரின் கையைப் பற்றியிருக்கிறார். அரசருக்குப் பின்னால் மந்திரிகள். கட்டிலோரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

படுத்திருப்பவர் சுவார்ட்ஸ் ஐயர். கையைப் பற்றி நிற்பவர் தஞ்சை மன்னர் சர்போஜி. ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் மராட்டியர். ஒருவர் கிறிஸ்தவப் பாதிரியார், ஒருவர் கடைசி வரை தம் முன்னோர் சமயத்தைவிடாத இந்து மன்னர். இந்தச் சிற்பத்தைச் செய்தவரோ லண்டனில் இருந்த ஒரு சிற்பி. இந்த மூவரும் ஒரு கல்லில் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

கல்லைப் பார்க்கும் விதம்

கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. இந்த மாதிரி ஆலயங்களுக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போகலாமோ கூடாதோ என்ற தயக்கம். ஆராதனை நடக்காத நேரத்தில் கோவில்பிள்ளையைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனால் அநேகமாக யாரும் தடுப்பதில்லை. பல இடங்களில் கோவில்பிள்ளையே கூட வந்து கதை சொல்லுவார். அவர் சொல்லும் கதையில் கொஞ்சம் கூட்டல் கழித்தல் இருக்கலாம். ஆனாலும் கேட்க வேண்டும். புத்தகத்தில் இல்லாத சங்கதி சில சமயம் அவரிடம்தான் கிடைக்கும்.

சலவைக்கல் சிற்பத்தை நேராக எதிரே நின்று பார்த்தால் வெள்ளை வெளேர் என்று மட்டும் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது முகங்கள் மேலே எழும்பும், துணியின் மடிப்புகள் தெரியும். முதலில் உருவங்களைப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார், யார் கை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கீழே வெட்டியிருக்கும் எழுத்தைக் கடைசியில் படிக்கலாம். கையால் மட்டும் தொட வேண்டாம். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை சலவைக்கல்லில் இறங்கிக் கறையாகிவிடும்.

இன்னொன்று. நினைவுச் சின்னம் வேறு, கல்லறை வேறு. சுவரில் சிற்பம் இருந்தால் அதன் கீழே உடல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தஞ்சையில் அநேகர் ஏமாந்து போவது இதில்தான்.

கப்பலேறியவர் திரும்பவில்லை

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726 அக்டோபரில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்ய அரசரின் ஆட்சியில் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். இந்தப் பிள்ளையைத் தெய்வ ஊழியத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று தாய் சாகும்போது கேட்டுக்கொண்டாளாம்.

ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் படித்தபோது அவருக்குத் தமிழ் அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய சூல்ட்சே என்ற பாதிரியார் அங்கே தமிழ் வேதப் புத்தகத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அதில் உதவுவதற்காக இளைஞர் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அந்த அச்சு வேலை நடக்கவில்லை. ஆனால் கற்ற தமிழ் வீண் போகவில்லை.

1750 ஜனவரி கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினார். ஜூலையில் கடலூரில் இறங்கி, டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தார். வந்து நாலே மாதத்தில், சீகன்பால்கு கட்டிய ஆலயத்தில் நின்று தமிழில் பிரசங்கம் செய்தார். அப்போது அவருக்கு வயது 24. அதற்குப் பிறகு ஏறக்குறைய 48 வருஷம் இங்கேயே இருந்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

தமிழோடு நிற்கவில்லை. நவாப்பின் ஆட்களோடு பேசப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். தஞ்சை அரண்மனைக்காக மராட்டி கற்றார். தரங்கம்பாடியில் புழங்கிய போர்த்துக்கீசியமும் அவருக்கு வந்தது. வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்வார்.

தரங்கம்பாடியில் பன்னிரண்டு வருஷம் போல் இருந்துவிட்டுத் திருச்சிராப்பள்ளிப் பக்கம் வரத் தொடங்கினார். மலைக்கோட்டை அடிவாரத்தில், தெப்பக்குளத்துக்கு அருகில், 1766-ல் அவர் கட்டிய ஆலயம் இன்றும் இருக்கிறது. அந்த நாளில் அவர் குடியிருந்தது ஒரு பழைய கட்டிடத்தில் ஓர் அறை. அவரும் அவர் கட்டிலும் கொள்ளும் அளவுதான் அந்த அறை. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தி உடுப்பு. ஒரு பித்தளை விளக்கு. சோறு, கொஞ்சம் காய்கறி. கோட்டைச் சிப்பாய்களுக்குப் போதகராக இருந்ததற்குக் கும்பினியார் வருஷம் 100 பவுன் கொடுத்தார்கள். அதையும் கட்டிட வேலைக்கே செலவிட்டார். அவரைப் போய்ப் பார்த்த ஓர் ஆங்கிலேயர் இதையெல்லாம் எழுதிவைத்திருப்பதால் நமக்குத் தெரிகிறது.

ஊஞ்சலில் இருந்த மன்னர்

1769-ல் தஞ்சை மன்னர் துளஜா அவரை அழைத்துப் பேசினார். மன்னர் தொங்கும் ஆசனம் ஒன்றில் அமர்ந்திருந்தார். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். பாரசீகத்தில் பேச்சுத் தொடங்கிற்று. மன்னருக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று கண்டுகொண்ட சுவார்ட்ஸ், தமிழிலேயே பேசலாமா என்று அனுமதி கேட்டார். மன்னர் சம்மதித்தார். நடுவில் இருந்த ஆளுக்கு வேலை இல்லாமற்போயிற்று.

இரண்டு பேருக்கும் அன்று ஏற்பட்ட பழக்கம் துளஜா இறக்கும் வரை நீடித்தது. மன்னர் மதம் மாறவில்லை. ஆனால் தம் பாதிரியார் என்றே அவரைச் சொல்லிக்கொண்டார். 1778-ல் சுவார்ட்ஸ் தஞ்சைக்கே வந்து குடியேறினார். மறு வருஷம்தான் மேலே சொன்ன ஆலயம் எழுந்தது.

ஐதர் அலியின் தர்பாரில்

அந்த 1779-ஆம் வருஷத்தில்தான் சென்னைக் கவர்னரிடமிருந்து ஓர் இரகசியச் செய்தி வந்தது. மைசூர் ஐதர் அலியிடம் போய்ச் சமாதானம் பேசிவர வேண்டும். ஆர்ப்பாட்டம் இல்லாமல் போகக் கூடியவர், ஐதர் அலியோடு நேரே பேசத் தெரிந்தவர், பணத்துக்கு மசியாதவர், இந்த மூன்றும் சேர்ந்தவர் கும்பினி உத்தியோகஸ்தர்களில் கிடைக்கவில்லை போலிருக்கிறது!

சுவார்ட்ஸ் யோசித்தார். அரசியல் தூது பாதிரியாருக்கு ஏற்ற வேலையா என்ற கேள்வி அவரையும் உறுத்தியது. யுத்தத்தைத் தடுக்க முடியுமானால் போகலாம் என்று முடிவு செய்தார். ஜூலையில் புறப்பட்டு ஆகஸ்டு கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

ஐதர் அவரைத் தம் பக்கத்திலேயே விரிப்பில் உட்கார வைத்துப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத ஐதர் ஒரே சமயத்தில் பல காரியங்களை எழுத்தர்களுக்குச் சொல்லிச் சொல்லி முடிப்பதைச் சுவார்ட்ஸ் வியப்போடு பார்த்தார். சவுக்கு ஏந்தியவர்கள் எப்போதும் தயாராக நிற்பதையும், பெரிய அதிகாரிகள்கூட அடிபடுவதையும் பார்த்தார். இரண்டையும் எழுதிவைத்தார். ஐதரின் படையில் இருந்த ஐரோப்பியர்களுக்கு அங்கேயே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தினார். யாரும் தடை சொல்லவில்லை.

கும்பினியார் கொடுத்த வாக்குகளை எத்தனை தடவை மீறினார்கள் என்று ஐதர் கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கோடுதான் பதில் வந்தது. சுவார்ட்ஸ் திரும்பும்போது பல்லக்கில் ஒரு பை இருந்தது. அதில் 300 ரூபாய். வழிச் செலவுக்கு ஐதர் கொடுத்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நடக்கவில்லை. சென்னையில் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அப்படியானால் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்க இதுவே முதலாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தஞ்சைக் கல்லில் கட்டிலோரம் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த 300 ரூபாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தூது பலிக்கவில்லை. 1780-ல் ஐதரின் பெரும்படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. கும்பினியார் உண்மையிலேயே சமாதானம் வேண்டித்தான் அவரை அனுப்பினார்களா, நேரம் கடத்த அனுப்பினார்களா என்று பின்னால் சிலர் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. ஒரு நல்ல மனிதரின் பெயரை முன்னால் நிறுத்திக் காரியம் பார்ப்பது ராஜதந்திரிகளுக்குப் புதிதல்ல.

எண்பதாயிரம் கலம் நெல்

யுத்தத்தோடு பஞ்சமும் வந்தது. வயல்கள் எரிந்தன. கிராமத்து ஜனங்கள் தஞ்சைக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். தெருவில் பிணங்கள் கிடந்தன. சுவார்ட்ஸ் முன்கூட்டியே நெல் வாங்கிச் சேமித்திருந்தார். அதை வைத்து மாதக்கணக்கில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். சாதி மதம் பார்க்கவில்லை.

ஆனால் கோட்டைக் காவலுக்கு இருந்த படைக்கே சோறு இல்லை என்ற நிலைமை வந்தது. சுற்று வட்டாரக் கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகளும் இருந்தன. ஆனால் யாரும் கொண்டுவரவில்லை. காரணம் எளிது. முன்னால் கொடுத்த நெல்லுக்கும் ஓட்டிய மாட்டுக்கும் பணம் வரவில்லை. மன்னர் ஆணையிட்டுப் பார்த்தார். மந்திரிகள் வாக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. மன்னரின் வார்த்தை, கும்பினியின் வார்த்தை இரண்டும் செல்லாக் காசாகிவிட்டன.

கடைசியில் மன்னர் சுவார்ட்ஸிடம் வந்தார். உம்முடைய பெயரில் கேட்டுப் பாரும் என்றார். சுவார்ட்ஸ் கிராமங்களுக்கு ஆள் அனுப்பினார். பணத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. சீக்கிரத்திலேயே கோட்டைக்குள் 80,000 கலம் நெல் வந்து சேர்ந்தது. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டை பிழைத்தது. சுவார்ட்ஸ் எல்லோருக்கும் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். நெல் கொண்டுவந்தவர்களுக்கு மேலே கொஞ்சம் சேர்த்தும் கொடுத்து அனுப்பினார்.

எதிரிப் படையும் அவரைத் தொடவில்லை. பாதிரியார் எங்கே போனாலும் தடுக்க வேண்டாம் என்று ஐதர் தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். நாடெல்லாம் யுத்தம் நடக்க, அவர் மட்டும் ஊர் ஊராகப் போய்வந்தார். 1783-ல் திப்பு சுல்தானிடம் போகச் சொன்னபோது மட்டும் காரியம் நடக்கவில்லை. சத்தியமங்கலத்தோடு தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யுத்தம் முடிந்த பிறகும் தஞ்சை ஜனங்களுக்கு விடிவு வரவில்லை. பிள்ளைகளை இழந்த துளஜா மனம் உடைந்து அரண்மனைக்குள் அடைந்துகிடந்தார். மந்திரி வைத்ததே சட்டம். வரிக் கொடுமை தாங்காமல் சுமார் 65,000 பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். விளைநிலம் தரிசாகக் கிடந்தது. அப்போதும் சுவார்ட்ஸ்தான் வாக்குக் கொடுத்து அழைத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பிவந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. பருவம் கிட்டத்தட்டத் தப்பிப்போயிருந்தது. வந்தவர்கள் இரவும் பகலுமாக நடவு நட்டார்கள்.

இருட்டறையில் ஒரு சிறுவன்

இப்போது சிற்பத்தில் நிற்கும் அரசருக்கு வருவோம்.

1787-ல் துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். பிள்ளை இல்லை. உறவினர் வீட்டிலிருந்து ஒரு சிறுவனைச் சுவீகாரம் எடுத்தார். அவன்தான் சர்போஜி. 1777-ல் பிறந்தவன், பத்து வயதுகூட நிரம்பவில்லை. மன்னர் சுவார்ட்ஸை வரவழைத்தார். சிறுவனைக் காட்டி, இனி இவன் உம்முடைய பிள்ளை, உம் கையில் ஒப்படைக்கிறேன் என்று சொன்னார்.

சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார்! மாதத்துக்கு இரண்டொரு தடவை வந்து பார்க்க முடியுமே தவிர, அரண்மனைக்குள் ஒரு சிறுவனை இரவும் பகலும் காப்பது தம்மால் ஆகாது என்றார். மன்னரின் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவரிடம் ஒப்படையுங்கள் என்று யோசனையும் சொன்னார். நல்ல எண்ணத்தோடு சொன்ன யோசனைதான். ஆனால் அதன் விளைவைச் சிறுவன் அனுபவித்தான்.

துளஜா இறந்ததும் அமர்சிங் தாமே மன்னராக வேண்டும் என்று கோரினார். கும்பினியார் பன்னிரண்டு பண்டிதர்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். சிறுவன் தன் தகப்பனுக்கு ஒரே மகன், வயதும் கடந்துவிட்டது, சுவீகாரம் எடுத்தபோது மன்னருக்குப் புத்தி தெளிவாக இல்லை, ஆகவே சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னார்கள். அமர்சிங் அரியணை ஏறினார். அப்போது சுவார்ட்ஸும் இதை எதிர்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் சிறுவனைப் போய்ப் பார்த்தார். வெயில் நுழையாத அறையில் அவனை அடைத்துவைத்திருந்தார்கள். விளக்கு வெளிச்சம்தான். எழுத்துக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று சுவார்ட்ஸின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நாம் ஊகிக்கத்தான் வேண்டும். அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. வயது அறுபதைத் தாண்டியவர், கும்பினியாருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். சிறுவனுக்கு ஆசிரியரை ஏற்படுத்தினார். 1793-ல் அவனையும் துளஜாவின் விதவை மனைவியரையும் பத்திரமாகச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே கெரிக்கே என்ற பாதிரியாரின் மேற்பார்வையில் சர்போஜி படித்தார். சிற்பத்தில் தலைமாட்டில் நிற்பவர் அந்தக் கெரிக்கேதான்.

சுவீகார வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சுவார்ட்ஸ் வாதாடினார். பழைய பண்டிதர்களின் தீர்ப்பு நேர்மையாகக் கிடைத்ததல்ல என்று தெரியவந்தது. காசியிலும் கல்கத்தாவிலும் இருந்த பண்டிதர்களைக் கேட்டார்கள். சுவீகாரம் செல்லும் என்று அவர்கள் சொன்னார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அமர்சிங்கைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவருக்கு வேண்டாதவர்கள் எழுதியது. அவர் பக்கத்துக் கதை இந்த அளவுக்கு எழுதப்படவில்லை. பட்டம் இழந்தபின் அவர் திருவிடைமருதூரில் போய் இருந்தார்.

பாட்டோடு போன உயிர்

1798-ன் தொடக்கத்தில் சுவார்ட்ஸ் படுத்த படுக்கையானார். நோயுற்றிருந்த நாட்களில் சர்போஜி வந்து பார்த்தார். ஆடம்பரத்தில் விழாமல் இரு, ஏழை பணக்காரன் என்று பாராமல் நீதி செலுத்து என்று கிழவர் புத்தி சொன்னார்.

பிப்ரவரி 13-ஆம் தேதி கண்கள் மூடிக்கொண்டன. உயிர் போய்விட்டது என்று நினைத்துக் கெரிக்கே ஒரு ஞானப்பாட்டைத் தொடங்கினார். ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கியபோது, படுத்திருந்தவரும் சேர்ந்து பாடினார். சுற்றி நின்றவர்கள் திகைத்தார்கள். கொஞ்ச நேரத்தில், தம்மோடு ஊழியம் செய்த ஒரு தமிழரின் கையில் சாய்ந்தபடி உயிர் நீத்தார். வயது 71.

மறுநாள் அடக்கம். பெட்டியை மூட வேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சர்போஜி சொல்லி அனுப்பியதால் காத்திருந்தார்கள். இருபது வயது இளவரசர் வந்தார். பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் அழுதார். பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார். கல்லறை வரை கூடவே போனார். வழியில் பாடுவதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். திரண்டு நின்ற ஏழை ஜனங்களின் அழுகையில் பாட்டு எடுபடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சர்போஜி உயிரோடு பார்த்தது ஒரு நாள். சுவார்ட்ஸ் இறந்தது வேறு நாள். மன்னர் அழுததோ அதற்கும் மறுநாள். சிற்பி இவற்றையெல்லாம் ஒரே காட்சியாக்கிவிட்டார். இன்னும் ஒன்று. சுவார்ட்ஸ் இறந்தபோது சர்போஜி மன்னரே அல்ல. அந்த வருஷம் ஜூன் மாதத்தில்தான் பட்டத்துக்கு வந்தார். எந்த நாளுக்காகக் கிழவர் பத்து வருஷம் எழுதிக்கொண்டிருந்தாரோ அந்த நாளைப் பார்க்க நாலு மாதம் குறைவாக வாழ்ந்தார்.

லண்டனிலிருந்து வந்த கல்

பட்டம் கிடைத்த சர்போஜிக்கு ராஜ்யம் நிலைக்கவில்லை. 1799 அக்டோபரில் கும்பினியார் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். நாட்டின் நிர்வாகம் முழுவதும் அவர்களுக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது கோட்டை, அரண்மனை, வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகன், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அரியணையை வாங்கிக் கொடுத்ததும் கும்பினிதான், அதன் கீழிருந்த நாட்டை எடுத்துக்கொண்டதும் கும்பினிதான். சுவார்ட்ஸ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

இந்த நிலையில்தான், 1801-ல், சர்போஜி லண்டனுக்குக் கடிதம் எழுதினார். சுவார்ட்ஸை ஆதரித்த கிறிஸ்தவச் சங்கத்தாருக்கு எழுதிய கடிதம் அது. தம் செலவில் ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்து அனுப்ப வேண்டும், சிறிய கோட்டையில் உள்ள ஆலயத்தில் அதை வைக்க வேண்டும் என்று கேட்டார். வேலை ஜான் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியின் கைக்குப் போயிற்று.

பிளாக்ஸ்மன் அக்காலத்து ஆங்கிலச் சிற்பிகளில் பேர் பெற்றவர். 1755-ல் பிறந்தவர். தகப்பனார் சுண்ணாம்புச் சாந்தில் பொம்மை வார்த்து விற்றவர். மகன் இளமையில் வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்சாலைக்கு உருவங்கள் செய்து கொடுத்துப் பிழைத்தார். பிறகு ரோமாபுரியில் ஏழு வருஷம் இருந்து பழைய சிற்பங்களைப் பார்த்துப் பழகினார். பீங்கானில் மெல்லிய புடைப்பு உருவம் செய்து பழகிய கை என்பது தஞ்சைக் கல்லிலும் தெரிகிறது. உருவங்கள் கல்லைவிட்டு அதிகம் துருத்தவில்லை. கத்தல் கதறல் இல்லை. அரசர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். தஞ்சாவூரைப் பார்க்காத ஒருவர் செய்த வேலை இது. என் அபிப்பிராயத்தில், நம் நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களில் உள்ள வெள்ளைக்காரர் காலத்துச் சிற்பங்களில் இதுதான் மனத்தைத் தொடுவது. மற்றவற்றில் பெரும்பாலும் தேவதைகளும் கொடிகளும் பீரங்கிகளும்தான்.

சென்னையில் இன்னொன்று

வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக் கோட்டைக்குள் உள்ள செயிண்ட் மேரி ஆலயத்துக்குப் போங்கள். கோட்டை வாசலில் காவலர் சோதனை உண்டு. 1680-ல் திறந்த ஆலயம் அது. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையையும் வளைவாகக் கல்லும் சுண்ணாம்புமாகக் கனமாகக் கட்டினார்கள். சுற்றிலும் தரையில் கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். அவை அங்கே புதைத்தவர்களுடையவை அல்ல. வேறோர் இடத்து இடுகாட்டிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவந்து பதித்தவை. அவற்றில் ஒன்று 1652-ஆம் வருஷத்தது.

உள்ளே சுவார்ட்ஸுக்கு ஒரு சலவைக்கல் இருக்கிறது. இது கும்பினியார் வைத்தது. ஜான் பேக்கன் என்ற இளைய சிற்பி செய்து, 1807-ல் சென்னைக்கு அனுப்பியது. இதிலும் கட்டில், கிழவர், பிள்ளைகள். ஒரு பிள்ளை அவர் கையைப் பற்றியிருக்கிறது. ஒருவர் தலையைத் தாங்குகிறார். கிழவரோ மேலே சிலுவை ஏந்தி வரும் தேவதையைப் பார்க்கிறார். மன்னர் இல்லை! அரசர் நின்ற இடத்தில் தேவதை வந்துவிட்டது.

கும்பினி டைரக்டர்கள் அப்போது ஓர் உத்தரவு போட்டார்கள். கல்லில் உள்ள வாசகத்தை நாட்டு மொழிகளில் பெயர்த்து ஜனங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். தஞ்சைக்கும் பிரதிகள் அனுப்ப வேண்டும். நாட்டு மக்கள் வந்து இந்தச் சின்னத்தைப் பார்க்கும்படி தூண்ட வேண்டும். கும்பினியாரே அழைப்பு வைத்த சிற்பம் இது. தங்கள் ஆட்சியில் இருந்த நல்லவர் ஒருவரை ஜனங்களுக்குக் காட்டிக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இருந்தது.

சர்போஜி ஆளாத மன்னராக முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். சும்மா இருக்கவில்லை. ஏடுகளைச் சேர்த்துச் சரசுவதி மகாலை வளர்த்தார். அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார். கண் வைத்தியம் செய்வித்துக் குறிப்பெழுதச் செய்தார். சுவார்ட்ஸ் வீட்டில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரையும் ஆதரித்தார். தம் குலத்தின் வரலாற்றை 1803-ல் பெரிய கோவில் சுவரில் மராட்டியில் வெட்டுவித்தார். அந்தக் கல்வெட்டும் இந்தச் சலவைக்கல்லும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். 1826-ல் கல்கத்தாவிலிருந்து வந்த பிஷப் ஹீபர் இந்த ஆலயத்தில் ஈஸ்டர் பிரசங்கம் செய்தார். சர்போஜியையும் கண்டு பேசினார். லவாய்சியர், லின்னேயஸ் என்று மேல்நாட்டு விஞ்ஞானிகளின் பெயர்களை மன்னர் சரளமாகச் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். அடுத்த வாரமே திருச்சியில் குளிக்கும்போது ஹீபர் இறந்துபோனார். சர்போஜி 1832-ல் காலமானார்.

சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். சுவார்ட்ஸ் அங்கே இல்லை. அவரை அடக்கம் செய்தது கோட்டைக்கு வெளியே, அவர் குடியிருந்த தோட்டத்துச் சிற்றாலயத்தில். மகர்நோன்புச்சாவடியில் உள்ள புனித பேதுரு ஆலயம் என்று கேட்டால் சொல்லுவார்கள். அங்கே சிற்பம் இல்லை, தேவதை இல்லை. ஒரு கல், அதில் சில அடி ஆங்கிலப் பாட்டு. இருட்டறையில் எழுத்தறியாமல் கிடந்த சிறுவன், படித்து வளர்ந்து, தானே எழுதி வெட்டுவித்த பாட்டு அது.